ஐந்தொகை போட்டுப் பார்த்தால் கடல் தலைகீழ் இல்லை

கானாடுகாத்தானில் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி கேட்டிருக்கிறாள்: "கடலுக்கு உயிரித்திரள் பிரமிடைத் தலைகீழாகப் போட்டிருக்கிறது. கீழே மிதவைத் தாவரம் 4, மேலே அதைத் தின்னும் விலங்குகள் 21. அடுத்த பக்கத்திலேயே பத்து சதவீத விதி. நாலில் பத்து சதவீதம் எப்படி 21 ஆகும்? வகுப்பில் கேட்டால் அப்படியே மனப்பாடம் பண்ணு என்கிறார்கள். எங்கள் ஐயா மலேசியாவில் கணக்கு எழுதியவர். இந்த ஐந்தொகை நேர்ப்படாது, புத்தகம் தப்பு என்கிறார்."

உங்கள் ஐயாவுக்கு என் வணக்கத்தைச் சொல், அம்மா. அவர் சந்தேகப்பட்டது சரியான இடத்தில்தான். ஆனால் புத்தகமும் தப்பில்லை. உயிரித்திரள் பிரமிட் என்பது ஒவ்வொரு படியிலும் இருக்கும் உயிர்களின் எடையை அடுக்கிய படம். அதில் 4, 21 இரண்டும் இருப்பு. பத்து சதவீதம் என்பது, ஒரு படியின் விளைச்சலில் பத்தில் ஒரு பங்குதான் அதைத் தின்னும் அடுத்த படிக்குச் சேரும் என்கிற, வரவைப் பற்றிய பேச்சு. இருப்பையும் வரவையும் ஒரே பத்தியில் எழுதிக் கூட்டினால் எந்தக் கணக்கும் முட்டத்தான் செய்யும். புத்தகம் செய்த குற்றம், எது இருப்பு எது வரவு என்று பக்கத்தில் எழுதாமல் விட்டது.

என் தகப்பனார் தேவகோட்டையில் ஒரு செட்டியார் வீட்டில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். நான் விலங்கியல் படித்து, அதையே முப்பது வருஷம் கல்லூரியில் நடத்தி ஓய்வு பெற்றவன். அதனால் சிட்டை, பேரேடு பாஷையிலேயே சொல்கிறேன், ஐயாவும் கூட உட்கார்ந்து கேட்கலாம்.

முதலில் அந்த 4, 21 வந்த வழி. ஆங்கிலக் கால்வாயில் எச்.டபிள்யூ. ஹார்வி என்ற கடல் ஆய்வாளர் எடுத்து 1950-இல் வெளியிட்ட கணக்கு அது. ஒரு சதுர மீட்டர் கடற்பரப்புக்குக் கீழே, தண்ணீரை வடித்துக் காயவைத்த எடையில், மிதவைத் தாவரம் 4 கிராம், விலங்குகள் 21 கிராம். சராசரியாக எந்நேரமும் தண்ணீரில் கிடக்கிற சரக்கு அவ்வளவு. அந்த 4 கிராம் ஒரு வருஷத்தில் எத்தனை தரம் விளைந்து, தின்னப்பட்டு, மறுபடி விளைந்தது என்பது அந்தப் படத்தில் இல்லை.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போயிருப்பாய். பழம்பொருள் கடைகளில் பர்மாத் தேக்குத் தூண், பெல்ஜியம் கண்ணாடி, பித்தளை அண்டா எல்லாம் கூரை முட்ட அடுக்கியிருக்கும். லட்சக்கணக்கில் சரக்கு. ஆனால் ஒரு தூண் விலைபோக வருஷக்கணக்கில் ஆகும். அதே ஊரில் கோயில் வாசலில் பூ விற்கிற அம்மாளைப் பார். கூடையில் ஆயிரம் ரூபாய்ச் சரக்கு இருந்தால் அதிகம். காலையில் காலி, சாயங்காலம் மறுபடி நிறையும், மறுபடி காலி. வருஷக் கடைசியில் யார் கை வழியாக அதிகப் பணம் போயிருக்கும் என்று இருப்பைப் பார்த்துச் சொல்ல முடியுமா? முதல் எத்தனை தரம் புரண்டது என்று கேட்க வேண்டும்.

காடு பழம்பொருள் கடை. கடல் பூக்கூடை.

இது வெறும் உவமை இல்லை, எண்களே அப்படித்தான் இருக்கின்றன. உலகத்தின் நிலத்துத் தாவரங்கள் எல்லாவற்றிலும் சேர்த்து இருக்கும் கார்பன் ஏறக்குறைய 45,000 கோடி டன். கடலில் ஒளிச்சேர்க்கை செய்கிற உயிர்கள் எல்லாம் சேர்த்தால் 100 கோடி டன் அளவுதான். நானூற்றைம்பதில் ஒரு பங்கு. ஆனால் ஒரு வருஷ விளைச்சலைக் கணக்கெடுத்தால் நிலம் சுமார் 5,600 கோடி டன், கடல் சுமார் 4,850 கோடி டன். கிட்டத்தட்ட சரிபாதி! 100 கோடி முதலைப் போட்டு 4,850 கோடி வரவென்றால் முதல் வருஷத்துக்கு ஏறத்தாழ ஐம்பது தரம் புரள்கிறது, அதாவது வாரம் ஒரு தரம். நிலத்து முதல் ஒரு தரம் புரள எட்டு வருஷம் ஆகிறது. அந்த 100 கோடி டன்னைத் தின்று வாழும் கடல் உயிர்களின் இருப்பு 500 கோடி டன் அளவு. உன் புத்தகத்துத் தலைகீழ்ப் படம் இதுதான், ஆங்கிலக் கால்வாய்க்குப் பதில் உலகக் கடல்.

இப்போது ஐயாவுக்காக ஒரு மாதிரிக் கணக்கு. எண்கள் என் கற்பனை, போக்கு நிஜம். மிதவைத் தாவரம் வருஷத்துக்கு 1,000 கிலோ விளைகிறது. ஒரு கிலோ தண்ணீரில் தங்கும் காலம் ஒரு வாரம். எந்நாளும் இருப்பு 20 கிலோ. அதைத் தின்னும் மிதவை விலங்குக்குப் பத்து சதவீத விதிப்படி வருஷ வரவு 100 கிலோ. அது சராசரி மூன்று மாதம் தங்குகிறது, இருப்பு 25 கிலோ. நெத்திலி மாதிரி சின்ன மீனுக்கு வரவு 10 கிலோ, இரண்டு வருஷம் தங்கும், இருப்பு 20 கிலோ. வஞ்சிரத்துக்கு வரவு 1 கிலோதான், ஐந்து வருஷம் வாழ்ந்தால் இருப்பு 5 கிலோ. தின்கிறவர்கள் பக்கம் கூட்டினால் 50 கிலோ, விளைவிக்கிற பக்கம் 20. படம் தலைகீழ். ஆனால் வரவுப் பத்தியை மட்டும் படி: 1,000, 100, 10, 1. எங்கேயாவது தலைகீழா? ஆற்றல் பிரமிட் ஒருநாளும் கவிழாது என்று சொல்வது இதனால்தான். இருப்பு என்பது வரவைத் தங்கும் காலத்தால் பெருக்கினது. கடலில் கீழே இருப்பவை ஒரு வாரம் வாழ்பவை, மேலே இருப்பவை வருஷக்கணக்கில் வாழ்பவை. வேறு மாயம் ஒன்றும் இல்லை.

எல்லாக் கடலிலும் படம் கவிழ்ந்துதான் இருக்கும் என்றும் எழுதிவிடாதே. உரச்சத்து நிறைந்த கரையோரத்தில் பாசி பொங்கும் பருவத்தில் நேராகவே நிற்கும். சத்தில்லாத நடுக்கடலில்தான் பெரும்பாலும் கவிழும்.

கீழே உள்ள சரக்கு ஏன் இவ்வளவு வேகமாகப் புரள்கிறது? அதற்கு உடம்பு என்று ஒன்று கிடையாது, அதுதான். ஆலமரம் வெளிச்சத்துக்காக உயர வேண்டும், உயரத் தண்டு வேண்டும், தண்டுக்கு மரக்கட்டை வேண்டும். அந்தக் கட்டையை மாடு தின்னாது, ஆடு தின்னாது. நூறு வருஷம் நிற்கும், அறுத்தால் செட்டிநாட்டு வீட்டுத் தூணாக இன்னொரு நூறு வருஷம் நிற்கும். மிதவைத் தாவரத்தைத் தண்ணீரே தாங்குகிறது. ஒற்றைச் செல்லே மொத்தச் செடி. ஒரு நாள், இரண்டு நாளில் இரண்டாகப் பிரியும். இதில் மிகச் சிறியதான புரோகுளோரோகாக்கஸின் குறுக்களவு 0.6 மைக்ரான், ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்து அறுநூறை வரிசையாக நிறுத்தலாம். வெப்பக் கடலின் ஒரு மில்லி தண்ணீரில் ஒரு லட்சம் வரை இருக்கும். உலகில் எண்ணிக்கையில் மிக அதிகமான ஒளிச்சேர்க்கை உயிர் இதுதான். 1980-கள் வரை அது இருப்பதே மனிதனுக்குத் தெரியாது.

இந்தப் பத்து சதவீதம் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் புத்தகங்கள் அதைச் சட்டம் மாதிரி எழுதுகின்றன. ரேமண்ட் லிண்டெமன் என்ற அமெரிக்க இளைஞர் மினசோட்டாவில் சீடார் பாக் என்ற சின்ன ஏரியில் ஐந்து வருஷம் சேறும் தண்ணீரும் அளந்து எழுதிய கட்டுரை 1942-இல் வந்தது. முதலில் அதை வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார்கள். ஒருவழியாக அச்சேறும் முன்பே, அதே வருஷம் ஜூனில், 26 வயதில் அவர் காலமாகிவிட்டார். அந்த ஏரியில் அவர் கண்டது என்ன தெரியுமா? தாவரத்திலிருந்து அதைத் தின்பதற்கு 13.3 சதவீதம், அதிலிருந்து அடுத்ததற்கு 22.3 சதவீதம். பத்து என்ற முழு எண் பின்னால் வந்தவர்கள் கைக்கு வசதியாகப் பிடித்துக்கொண்டது. இருந்தாலும் மோசமான எண் இல்லை. மீன்வள ஆய்வாளர்களான டேனியல் பாலியும் வில்லி கிறிஸ்டென்சனும் 1995-இல் பல நீர்நிலைகளின் கணக்கைச் சேர்த்துச் சராசரி போட்டபோது 10.1 வந்தது. ஆனால் அது சராசரி. ஓரிடத்தில் 3 இருக்கும், இன்னோரிடத்தில் 20 இருக்கும்.

மீதி தொண்ணூறு எங்கே போகிறது என்று கேட்க மறந்துவிட்டாய், நானே சொல்கிறேன்.

போன மாதம் காரைக்குடியில் நான் வழக்கமாக வாங்கும் மீன் கடையில் ஒரு வஞ்சிரம், நாலு கிலோ இருக்கும், அரிவாள்மணைக்கு வந்தது. தொண்டியிலிருந்து விடிகாலை வண்டியில் வந்த மீன். குடலைத் தூக்கி எறியப் போனவரிடம், "தம்பி, அந்த இரைப்பையை மட்டும் கீறிக் காட்டு" என்றேன். என்னைத் தெரிந்தவர், சிரித்துக்கொண்டே கீறினார். உள்ளே ஏழு நெத்திலி. இரண்டு முழுசாக, வெள்ளி மின்ன. மூன்றுக்குத் தலை கரைந்துவிட்டது. கடைசி இரண்டு வெறும் முள்ளும் கூழும். உணவுச்சங்கிலியின் ஒரு கண்ணியை அப்படியே கையில் பிடித்த மாதிரி. ஏழில் ஆறு பங்குக்கு மேல் வஞ்சிரத்தின் சதையாக ஆகாது என்பதுதான் கணக்கு.

வஞ்சிரம் ஓயாமல் நீந்தும் சாதி. நீந்துவதற்குச் செலவு, செரிப்பதற்குச் செலவு, உப்புத் தண்ணீரில் உடம்பு உப்பைச் சமன் செய்யச் செலவு. எல்லாம் கடைசியில் வெப்பமாகிக் கடல் தண்ணீரில் கரைந்து போகும். வளரும் வயதிலுள்ள ஊன் தின்னும் மீன்களுக்கு பிரெட், குரோவ்ஸ் இருவரும் 1979-இல் சராசரி வரவு செலவு எழுதினார்கள்: தின்ற நூறில் 44 மூச்சுக்கும் ஓட்டத்துக்கும், 27 கழிவில், 29 வளர்ச்சிக்கு. "29 இருக்கிறதே, பத்து எங்கே வந்தது?" என்பாய். வளர்ந்த மீன் இளமீன் அளவுக்கு வளர்வதில்லை. வளர்ந்ததெல்லாம் அடுத்தவன் வாய்க்கும் போவதில்லை, பாதி நோயில் செத்தும் மூழ்கியும் வேறு கணக்குக்குப் போய்விடும். அந்த வேறு கணக்குக்குப் பின்னால் வருகிறேன்.

சரி, இப்போது உங்கள் வீட்டுச் சமையற்கட்டுக்கு வருவோம். தட்டில் ஒரு கிலோ வஞ்சிரம் என்றால் பின்னால் 10 கிலோ நெத்திலி, அதற்குப் பின்னால் 100 கிலோ மிதவை விலங்கு, அதற்கும் பின்னால் 1,000 கிலோ மிதவைத் தாவரம். மத்தியை எடுத்துக்கொள். செதில் சீவிக் குடலைப் பிதுக்கினால் கரும்பச்சையாக, அரைத்த கொத்தமல்லி மாதிரி ஒரு விழுது வரும். அதில் ஊசிமுனை அளவு எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் வை. டயாட்டம் என்ற ஒற்றைச் செல் பாசியின் ஓடுகள், கண்ணாடிச் சிமிழ் மாதிரி, சங்கிலி சங்கிலியாகக் கிடக்கும். மத்தி செவுளில் இருக்கும் சல்லடையால் மிதவைத் தாவரத்தையே நேராக வடித்துத் தின்கிறது, மிதவை விலங்கையும் சேர்த்துத்தான். அதனால் ஒரு கிலோ மத்திக்குப் பின்னால் 10 கிலோவுக்கும் 100 கிலோவுக்கும் நடுவில்தான் நிற்கும். ஒன்றிரண்டு தரகர் குறைவு. மத்தி மலிவாகவும் வஞ்சிரம் யானை விலையாகவும் இருப்பதற்கு ஆள் ருசி, ஐஸ், வண்டி வாடகை எல்லாம் காரணம்தான். ஆனால் அடியில் இந்தக் கணக்கும் இருக்கிறது: கடலால் வஞ்சிரத்தை மத்தி அளவுக்கு விளைவிக்கவே முடியாது.

நிலத்தில் புல், ஆடு, மனிதன் என்று மூன்று படியில் கதை முடிகிறது. கடலில் ஏன் ஐந்து ஆறு படி? முதல் படி கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னது. புலி ஆட்டைக் கிழித்துத் தின்னும், மீனுக்குக் கை ஏது? பெரும்பாலும் வாய்க்குள் போவதைத்தான் விழுங்க முடியும். ஒவ்வொரு படியிலும் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பெருத்துக்கொண்டே வர வேண்டியிருக்கிறது. படி கூடினால் ஒவ்வொரு படிக்கும் தொண்ணூறு கழிவு. ஜான் ரைதர் என்ற கடல் ஆய்வாளர் 1969-இல் இதைத்தான் போட்டுக் காட்டினார்: சத்தில்லாத நடுக்கடலில் சின்னஞ்சிறு செல்கள், மனிதன் பிடிக்கும் மீனுக்கு வர ஐந்து படி. கரையோரத்தில் மூன்று. அடித்தண்ணீர் மேலெழும் இடங்களில், பெரிய டயாட்டம் சங்கிலிகள் விளைவதால், ஒன்று அல்லது இரண்டு. நடுக்கடல் பரந்து கிடந்தும் மீன் வளம் இல்லாததற்கும், கடற்பரப்பில் ஒரு சதவீதம்கூட இல்லாத மேலெழு பகுதிகளில் உலக மீன்பிடியில் ஐந்தில் ஒரு பங்கு கிடைப்பதற்கும் காரணம் இந்தப் படி எண்ணிக்கை.

மேலெழுதல் என்றால், ஆழத்தில் இருட்டில் தேங்கிக் கிடக்கும் நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கா மேலே வெளிச்சத்துக்கு வருவது. கடலில் வெளிச்சம் மேலே, உரம் கீழே. இரண்டும் சந்திக்கிற இடத்தில்தான் விளைச்சல். பெரு நாட்டுக் கடற்கரை அப்படி ஓர் இடம். 1970-இல் அங்கே நெத்திலி சாதி மீன் 1.2 கோடி டன்னுக்கு மேல் பிடித்தார்கள். 1972-இல் எல் நினோ வந்து கடல் மேற்பரப்பு சூடாகி மேலெழுதல் தளர்ந்தது, அதன் மேல் அளவு மீறிய மீன்பிடியும் சேர்ந்தது. 1973-இல் 20 லட்சம் டன்கூட இல்லை. நம் பக்கத்திலேயே கேரளக் கரையில் தென்மேற்குப் பருவத்தில் மேலெழுதல் நடக்கும், மத்தி அதை நம்பி வாழ்கிறது. 2012-இல் கேரளத்தில் 3.9 லட்சம் டன் மத்தி இறங்கியது. 2021-இல் சுமார் 3,300 டன். நூறில் ஒன்றுக்கும் கீழே! குறுகிய சங்கிலிக்கு லாபமும் அதிகம், ஒரு கண்ணி இழுத்தால் முழுசும் ஆடுகிற ஆபத்தும் அதிகம்.

வங்காள விரிகுடா அரபிக்கடலை விட விளைச்சலில் குறைந்தது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கங்கையும் பிரம்மபுத்திராவும் கோதாவரியும் கொட்டும் நன்னீர் உப்புத் தண்ணீரை விட லேசானது, மேலே மூடி போட்ட மாதிரி நிற்கும். கீழே உள்ள உரம் ஏற வழியில்லை.

பாக் நீரிணை வேறு கதை. தொண்டி, ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் பக்கம் கடல் பெரும்பாலும் பதினைந்து மீட்டர் ஆழத்துக்குள்தான். வெளிச்சம் தரை வரை போகும், அதனால் தரையிலேயே கடல்புல் மேய்ச்சல் நிலமாக விரிந்திருக்கிறது. இங்கே இரண்டு வழியாக ஆற்றல் போகிறது. ஒன்று நேர் மேய்ச்சல்: ஓரா மீன், பேராமை, ஆவுளியா என்று நம் மீனவர் சொல்லும் கடல்பசு. வளர்ந்த கடல்பசு ஒன்று நாளைக்கு 30, 40 கிலோ புல் மேயும். புல்லுக்கு அடுத்த படியிலேயே அத்தனை பெரிய உடம்பு, சங்கிலி எவ்வளவு குட்டை பார். தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022 செப்டம்பரில் கடல்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது இந்தப் புல்வெளியையும் சேர்த்துத்தான்.

இரண்டாவது வழிதான் நான் பின்னால் வருகிறேன் என்ற வேறு கணக்கு. கடல்புல்லில் பெரும்பங்கை யாரும் பச்சையாகத் தின்பதில்லை. உதிர்ந்து, அழுகி, பாக்டீரியாவும் பூஞ்சையும் படர்ந்து, மட்கித் துகளாகிறது. அந்தத் துகளை இறாலும் புழுவும் மடவையும் தின்கின்றன, புழுவையும் சிப்பியையும் நண்டு தின்கிறது. மடவை வாங்கினால் அதன் குடலைக் கவனி. உள்ளே மணலும் சேறும்தான். சேற்றை அள்ளித் தின்று, அதில் ஒட்டிய மட்கையும் நுண்ணுயிரையும் பிரித்து எடுக்கிற மீன் அது, அதற்காகவே கோழிக்கு இருக்கிற மாதிரி கெட்டியான அரைவைப் பை வைத்திருக்கிறது. உங்கள் வீட்டு நண்டு ரசத்துக்கு ஆற்றல் வந்தது பெரும்பாலும் செத்த புல் வழியாகத்தான். புத்தகத்தில் சிதைப்பவை என்று மூலையில் ஒரு கட்டம் போட்டு அம்புக்குறி இழுத்திருப்பார்கள். உண்மையில் அது மூலை இல்லை, பாதிக் கடை.

நடுக்கடலிலும் இதே மாதிரி ஒரு சில்லறைப் புழக்கம் உண்டு. மிதவைத் தாவரம் விளைவிப்பதில் பாதியை ஒட்டிய பங்கு யார் வாய்க்கும் நேராகப் போவதில்லை. செல்லிலிருந்து கசிந்தும், தின்னும்போது சிந்தியும், வைரஸ் தாக்கி வெடித்தும் கரைந்த சர்க்கரையாகவும் புரதமாகவும் தண்ணீரில் கலக்கிறது. அதைப் பாக்டீரியா உறிஞ்சும், பாக்டீரியாவைச் சவுக்குயிரிகள் தின்னும், அவற்றைக் குறுஇழை உயிரிகள் தின்னும், அப்புறம்தான் கண்ணுக்குத் தெரிகிற மிதவை விலங்கு. ஃபரூக் ஆசமும் கூட்டாளிகளும் 1983-இல் இதற்கு நுண்ணுயிர் வளையம் என்று பெயர் வைத்தார்கள். கொட்டிப்போன சில்லறையைப் பொறுக்கி மறுபடி நோட்டாக்குகிற வேலை. ஆனால் நாலு கை மாறுகிறது, கைக்குக் கை கமிஷன். கடைசியில் மீனுக்கு வந்து சேர்வது சொற்பம். ஒரு மில்லி கடல் தண்ணீரில் பத்து லட்சம் பாக்டீரியா, அதைப் போல் பத்து மடங்கு வைரஸ். வாயில் தண்ணீர் போனால் பயப்படாதே, அவற்றில் அநேகம் உன்னைச் சீண்டுகிறவை இல்லை.

சில்லறைக்காரன் கை ஓங்கினால் என்ன ஆகும் என்பதை 2019 செப்டம்பரில் மண்டபம், பாம்பன் பக்கம் பார்த்தோம். மன்னார் வளைகுடாத் தண்ணீர் பச்சையாக மாறி மீன் செத்து ஒதுங்கியது. மீனவர்கள் பூங்கோரை என்று சொல்லும் நாக்டிலூக்கா என்ற நுண்ணுயிர் பொங்கியிருந்தது. பொங்கினது செத்து அழுகும்போது பாக்டீரியா ஆக்சிஜனை உறிஞ்சிவிடும், மீன் மூச்சு முட்டிச் சாகும். விளைச்சல் அதிகமானால் மீன் அதிகமாகும் என்று நேர்கோடு போட முடியாது. கோடையில் ஊருணி பச்சைக் கூழாகி, விடியற்காலையில் கெண்டை வாய் பிளந்து மேலே மிதப்பதைப் பார்த்திருப்பாயே, அதே கணக்கு.

ஐயா இன்னொன்றும் கேட்கக்கூடும்: செலவான ஆற்றல் திரும்ப வராதா? வராது. சரக்கு திரும்பும், ஆற்றல் திரும்பாது. உங்கள் வீட்டுச் சுவரைத் தடவிப் பார், கண்ணாடி மாதிரி வழுவழுப்பு. பழைய செட்டிநாட்டுப் பூச்சில் சுண்ணாம்பு, முட்டையின் வெள்ளைக் கரு, கடுக்காய் எல்லாம் சேரும் என்பார்கள். அந்தச் சுண்ணாம்பு கிளிஞ்சலைச் சுட்டு எடுத்ததாக இருந்தால், ஒரு காலத்தில் சிப்பி கடல் தண்ணீரிலிருந்து உறிஞ்சிக் கட்டிய கால்சியம் இன்னும் உங்கள் முகப்பில் நிற்கிறது. அது கரைந்து ஒருநாள் மறுபடி கடலுக்கே போகலாம். ஆனால் அந்த ஓட்டைக் கட்டச் சிப்பி தின்ற டயாட்டத்தின் ஆற்றல் அன்றைக்கே வெப்பமாகிப் போயிற்று. அதனால்தான் சூரியன் தினமும் புதிதாக முதல் போட வேண்டியிருக்கிறது. போட்டதிலும் ஒளிச்சேர்க்கை பிடிப்பது ஒரு சதவீதம்கூட இல்லை.

சூரியன் எட்டாத ஆழத்துக்கு மேலேயிருந்து விழும் எச்சில்தான் சோறு. செத்த செல், கழிவு, உரித்த தோல் எல்லாம் ஒட்டிப் பஞ்சு போல வாரக்கணக்கில் இறங்கிக்கொண்டே இருக்கும். வழியெல்லாம் தின்பவர்கள் உண்டு, நாலாயிரம் மீட்டர் ஆழத் தரைக்குச் சேர்வது மேலே விளைந்ததில் ஒரு சதவீதம் போலத்தான். 1977-இல் கலாபகஸ் அருகே கடலடி வெந்நீர் ஊற்றுகளில் ஆல்வின் என்ற ஆய்வுக்கலம் கண்டது மட்டும் விலக்கு. அங்கே சூரியனுக்குப் பதில் ஹைட்ரஜன் சல்பைடை வைத்து பாக்டீரியா உணவு சமைக்கிறது.

படிக்குப் படி குறையாமல் ஏறுகிற ஒன்றும் உண்டு. மெத்தில் மெர்குரி, பாதரசம் சேர்ந்த ஒரு விஷம். ஆற்றல் மூச்சில் செலவாகிவிடும், இது உடம்பைவிட்டு எளிதில் போகாது. ஆயிரம் கிலோவில் பரவிக் கிடந்த விஷத்தில் ஒரு பங்கு ஒரு கிலோ மேல்மீனில் குவியும். ஜப்பானின் மினமாட்டாவில் 1956-இல் வெளிப்பட்ட நோய்க்கு ஆலைக் கழிவு மெர்குரி இப்படி மீன் வழியாக மனிதனுக்கு ஏறியதுதான் காரணம். பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப்புட்டு கொடுப்பது நம் பக்கத்து வழக்கம். அதற்குப் பெரியவர்கள் பால் சுறா என்று கேட்டு வாங்குவார்கள். சின்ன ரகம், வயதும் குறைவு, பெரிய சுறா அளவுக்கு ஏறியிருக்காது. காரணம் தெரிந்து செய்தார்களோ இல்லையோ, கணக்கு சரியாக இருக்கிறது.

மீன்பிடித் தடைக்காலம் பற்றியும் ஒரு வரி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகாததால் கடலின் விளைச்சல் கூடிவிடாது. மீன் முட்டையிடும் சமயத்தில் முதலின் மேல் கை வைக்காமல் இருப்பதுதான் அதன் பயன். மெதுவாகப் புரளும் மேல்படிக்குத்தான் அது முக்கியம். மேல்படி மீன் தீர்ந்ததும் அடுத்த படி, அது தீர்ந்ததும் அதற்கடுத்த படி என்று மனிதன் உணவுச்சங்கிலியில் கீழே இறங்கிக்கொண்டே போகிறான் என்று டேனியல் பாலி 1998-இல் கணக்குக் காட்டினார். முதலையே எடுத்துச் சாப்பிடுகிறவனுக்கு என்ன ஆகும் என்று உங்கள் ஐயாவுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தேர்வில் கேட்டால் இரண்டு படமும் போடு. உயிரித்திரள் பிரமிட் பக்கத்தில் "இருப்பு, சதுர மீட்டருக்கு கிராம்" என்று எழுது. ஆற்றல் பிரமிட் பக்கத்தில் "வரவு, சதுர மீட்டருக்கு வருஷத்துக்கு" என்று எழுது, அலகில் அந்த வருஷம் விட்டுப்போகக் கூடாது. லிண்டெமன் விதிக்குப் பத்து என்றே எழுதிவிடு, 13.3 என்று எழுதினால் திருத்துகிறவர் சுழித்துவிடுவார்.